மறைந்த பாடகியரும் அவரைத் தேடினோரும்

பாட்டு நிலைத்திருக்க, பாடினார் வெறும் பெயரளவாய் ஒழிதல் இசை வரலாற்றிற் பலகாலும் காணப்படுவதொன்றாம். அமெரிக்க நாட்டுப் புளூஸ் இசைக்கு இஃது பெரிதும் பொருந்தும். புளூஸ் என்பது யாதோவெனின், அந்நாட்டின் தென் மாநிலங்களில், அடிமை நுகத்தினின்று நீங்கியும் வறுமையினின்றும் இழிவினின்றும் நீங்கப்பெறாத கறுப்பின மக்கள், தம் துயரையும் காதலையும் நகையையும் கிதார் முதலிய கருவிகளோடு இயைத்துப் பாடிய பாட்டேயாகும். 1920-ஆம் ஆண்டில் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் புளூஸ் இசைத்தட்டு பெருவாரியாக விற்பனையாகவே, வணிகர் பலர் இத்துறையிற் புகுந்தனர்.

அவருள் ஒரு சாரார் பாரமவுண்ட் நிறுவனத்தார். இந்நிறுவனம் விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலித் தொழிற்சாலை ஒன்றின் கிளையென்பது வியத்தற்குரியது. இசைப்பெட்டிக்கு மரப்பேழை செய்தார், அப்பேழை விலைபோதற்பொருட்டுத் தட்டும் செய்யலாயினர். பாடினார்தம் வரலாற்றைக் குறித்து வைத்தல் அன்னார்க்கு இன்றியமையாததாகத் தோன்றவில்லை. 1930-ஐ ஒட்டி, கிராப்டன் நகரிலிருந்த அவர்தம் பதிவு நிலையத்தில், கீச்சி வைலி, எல்வி தாமஸ் என்னும் பெண்டிர் இருவர் பாடல்கள் சில பதிந்தனர். இன்று எஞ்சியவை ஆறு. அசல் தட்டுகளோ மிகச் சில. பாடல்களைச் சுவைஞர் போற்றினர். பாடினார் யாவர், எவ்வூரார் என்பதோ எண்பது ஆண்டளவும் உலகறியாததாயிற்று.

2014-ஆம் ஆண்டில் ஜான் ஜெரெமையா சல்லிவன் என்பார் 'நியூயார்க் டைம்ஸ் மாகசீன்' இதழில் வரைந்த நெடுங்கட்டுரை இவ்விருளை ஒருவாறு நீக்கிற்று. 'எல்வி' என்றது எல், வி என்னும் ஈரெழுத்துக்களின் ஒலியே என்றும், அவ்வம்மையார் 1891-இற் பிறந்து, ஹூஸ்டன் நகரில் வாழ்ந்து, பிற்காலத்திற் புளூஸை விடுத்துத் திருச்சபையைச் சார்ந்து, 1979-இல் மறைந்தார் என்றும் அக்கட்டுரை காட்டிற்று. ஓரெழுத்தின் ஒலியையும் இகழாது ஆராய்ந்த அவ்வுழைப்பு எம்மனோர் போற்றற்பாலது.

எனினும் ஈண்டு ஒரு வினா எழும். இச்செய்திகளின் வேர் யாது? மாக் மெக்கார்மிக் என்னும் ஆராய்ச்சியாளர் 1961-இல் அவ்வம்மையாரை நேரிற் கண்டு உரையாடி எழுதிய குறிப்புக்களேயாம். மன நோயால் வருந்திய அவர், அரை நூற்றாண்டிற்கு மேலாக அவற்றை வெளியிடாது வைத்திருந்தார். அவர்தம் இசைவின்றியே அக்குறிப்புக்கள் படமெடுக்கப்பட்டுக் கட்டுரையில் இடம்பெற்றன. ஒருவர் வாழ்நாள் உழைப்பை அவரறியாது எடுத்தாளுதல் முறையோ என்றனர் ஒரு சாரார். ஒரு பெண்ணின் வாழ்வைப் பேழையுட் பூட்டிவைத்தல் முறையோ என்றனர் மற்றொரு சாரார்.

இரண்டும் செவிசாய்க்கத்தக்கனவே. ஆயினும் யாம் துணிவது இது: குறிப்பு எழுதினார்க்கு உரியதாகலாம், வாழ்வு வாழ்ந்தார்க்கே உரியது. தம் வரலாற்றைத் தாமே வாய்திறந்து கூறினார், அஃது உலகிற்கு எட்டுமென்று எண்ணியன்றோ கூறியிருப்பர்! வெளியிட்டார் தாம் அதனைப் பெற்ற வழியையும் மறையாதுரைத்தமை அவர்க்கோர் அணியாம். ஆயினும் இசைவு பெறாக் குறை அதனால் முற்றும் நீங்கிற்றன்று. மெக்கார்மிக் 2015-இற் காலஞ்சென்றபின், அவர்தம் திரட்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. 2023-இல் அவர் நூலொன்றும் ஆண்டு வெளிவந்தது. ஆராய்ச்சிப் பொருளைச் சேமிப்பார் தம் காலத்திலேயே அதனைப் பொதுவிடத்து வைப்பாராயின், இத்தகைய வழக்கிற்கே இடமிராது.