மீன்பிடிப் படகுகள் போர்க்கப்பல் ஆனது எப்படி?

ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்தது 1914 ஆகஸ்ட் 4-ல். இரண்டே நாளில் ‘ஆம்ஃபியன்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கியது. காரணம், கடலுக்குள் ஜெர்மனி போட்டுவைத்த கண்ணிவெடி. இந்த ஆபத்தைச் சமாளிக்க, உலகின் மிகப்பெரிய கடற்படை யாரை நம்பியிருந்தது தெரியுமா? மீனவர்களை!

ஏன் மீன்பிடிப் படகு?

கண்ணிவெடியை அகற்ற, கனமான கம்பி வடத்தைக் கடலில் இறக்கி மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். இழுவைமடிப் படகுகள் தினமும் செய்த வேலையே அதுதான். வலுவான வின்ச், வட கடல் அலைக்கு அசராத கட்டுமானம், அனுபவசாலிகள் என எல்லாம் ரெடி. அட்மிரல் சார்லஸ் பெரஸ்ஃபோர்டு 1907-லேயே இந்த யோசனையைச் சொன்னார். போருக்கு முன்பே மீனவர்களுக்கான ரிசர்வ் பிரிவும் உருவானது.

எப்படி வாரினார்கள்?

அன்றைய கண்ணிவெடிகள் பெரும்பாலும் கடலடியில் உள்ள எடையோடு கம்பியால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்பவை. இரட்டைமடி இழுப்பதுபோல இரண்டு படகுகள் இணையாகப் போகும், நடுவில் வடம். அது கண்ணிவெடியின் கம்பியை அறுத்துவிடும். மேலே மிதந்து வரும் வெடியைத் துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள். வடத்துக்கு முன்பே படகின் அடிப்பகுதி வெடியில் மோதினால்? அவ்வளவுதான்.

எங்கே சறுக்கியது?

1915-ல் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில். எதிர் நீரோட்டத்தில் படகுகள் ஊர்ந்தன. இரு கரையிலிருந்தும் பீரங்கிகள் சுட்டன. ராணுவப் பயிற்சி இல்லாத மீனவர்கள் பின்வாங்க, அதிகாரிகள் கொதித்தார்கள். ஆனால் குண்டுமழைக்கு நடுவே நிதானமாக வடம் இழுப்பது யாருக்குமே எளிதல்ல. துருக்கியின் ‘நுஸ்ரத்’ 26 கண்ணிவெடிகளை ஒரு வரிசையாகப் போட்டிருந்ததை அவர்கள் உணரவில்லை. மார்ச் 18-ல் பூவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என மூன்று பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கின. பூவேயில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இரண்டாம் உலகப் போரில்?

மீண்டும் அதே படகுகள்தான். ஆனால் சவால் புதுசு: கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிவெடி. அறுப்பதற்குக் கம்பியே கிடையாது. 1939 நவம்பரில் ஷூபரினஸ் சேற்றில் கிடைத்த ஒன்றை ஜான் ஆவ்ரி குழு பிரித்துப் பார்த்தது. பிறகு, கப்பல்கள் நீளமான கேபிள்களை இழுத்துச் சென்று, அவற்றில் மின்சாரம் பாய்ச்சி வெடிகளைத் தூரத்திலேயே வெடிக்க வைத்தன.

விலை என்ன?

இந்தப் படைக்குத் தலைமையகமாக இருந்தது லோஸ்டாஃப்ட் துறைமுக நகரம். கல்லறைகூட இல்லாமல் கடலோடு போன 2,300-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள நினைவுத்தூணில் இருக்கின்றன. உணவுக் கப்பல்கள் துறைமுகம் சேர, முன்னால் போய் வழியைச் சுத்தம் செய்தவர்கள் இவர்கள்தான்.