புல்வெளியில் ஓர் ஊர்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், கனடாவின் தென் எல்லையிலிருந்து மெக்சிக்கோவின் வடபகுதி வரை, பிறேரி எனப்படும் புல்வெளி பரந்து கிடக்கிறது. ஏறித் தப்புவதற்கு மரங்கள் அரிது. மாரியில் உறைபனி, கோடையில் கொளுத்தும் வெயில். மேலே கழுகும் பருந்தும் வட்டமிடும். தரையில் கொயோட்டி என்னும் ஓநாய் இனத்து விலங்கு திரியும். இத்தகைய வெட்டவெளியில் ஏறக்குறைய ஒரு கிலோ நிறையுள்ள ஒரு சிறு பிராணி எவ்வாறு பிழைத்து வருகிறது என்பதை இம்முறை பார்ப்போம்.

அதன் பெயர் பிறேரி நாய். உண்மையில் அது அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. குரைப்பது போலக் குரல் கொடுப்பதால் நாய் என்றாயிற்று. ஐந்து இனங்கள் உள்ளன. நாம் இங்கு கூறுவது பெரும்பாலும் கருவால் இனத்தைப் பற்றியதே.

1804ஆம் ஆண்டு செப்ரெம்பரில் லூயிஸ், கிளார்க் என்னும் இருவரின் தலைமையில் மேற்கு நோக்கிச் சென்ற அமெரிக்கப் பயணக்குழு, இன்றைய நெபிராஸ்காவில் இவற்றின் வளைகளைக் கண்டது. ஆறடி தோண்டியும் அடி தெரியவில்லை. பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஊற்றியே ஒன்றை உயிருடன் பிடித்தார்கள்.

அவ்வளவு ஆழமாகத் தோண்டுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு மூன்று மீற்றர் கீழே வெயிலும் பனியும் அதிகம் எட்டுவதில்லை. காய்ந்த புல் பரப்பிய அறைகளில் குட்டிகள் வளர்கின்றன. ஆனால் அந்த ஆழத்தில் மூச்சு முட்டாதா? வளைக்குப் பெரும்பாலும் இரண்டு வாயில்கள் இருக்கும். ஒன்றைச் சுற்றித் தாழ்வான மண்மேடு. மற்றதைச் சுற்றிக் கிண்ணத்தின் விளிம்பு போல உயர்ந்த வரம்பு. மழை பெய்து மண் ஈரமானதும் மூக்கினால் இடித்து இடித்து அந்த வரம்பை இறுக்குகின்றன. மேலே காற்று சற்று வேகமாக வீசுவதால் உயர்ந்த வாயில் வழியாக உள்ளே உள்ள காற்று இழுபட்டு வெளியேற, தாழ்ந்த வாயிலால் புதுக்காற்று நுழைகிறது. இதனை 1973இல் ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினர். வெள்ளம் உட்புகாமல் தடுப்பதும், ஏறி நின்று பார்க்க இடம் தருவதும் அதே வரம்புதான்.

வளையைச் சுற்றியுள்ள உயர்ந்த புல்லைத் தின்னாமலே கடித்து வீழ்த்திவிடும். வீண் வேலை போலத் தோன்றும். புல் உயர்ந்தால் பகை மறைந்து வரும் என்பதே விடயம். ஒன்று எச்சரிக்கைக் குரல் எழுப்பினால் மற்றவை வளைவாயிலுக்கு ஓடுகின்றன. கன்னிசன் என்னும் இனத்தில் பருந்துக்கு ஒரு குரல், கொயோட்டிக்கு வேறொரு குரல் என்று ஆராய்ச்சியாளர் பிரித்தறிந்துள்ளனர்.

ஒரு வளர்ந்த ஆண், இரண்டு மூன்று பெண்கள், குட்டிகள் என்பதே வழமையான குடும்பம். பெண் குட்டிகள் பிறந்த குடும்பத்திலேயே தங்கிவிடும், ஆண்கள் வெளியேறும். எல்லாம் அன்பு மயம் என்று நாம் எழுதிவிட முடியாது. தென் டக்கோட்டாவில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், பாலூட்டும் தாய்மார் தம் நெருங்கிய உறவுப் பெண்களின் குட்டிகளையே கொல்வது தெரியவந்தது.

கழுகையும் பனியையும் வென்ற இப்பிராணி, மனிதரோடு மட்டும் தோற்றது. 1902இல் ரெக்சாஸ் மாநிலத்தில் ஒரே தொடரான குடியிருப்பில் 40 கோடி பிறேரி நாய்கள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். கால்நடைப் பண்ணையாளர்களோ, தம் மாடுகளின் புல்லை இவை தின்பதாகவும், வளையில் சிக்கிக் குதிரைகளின் கால் முறியும் என்றும் முறையிட்டனர். அரச செலவில் நஞ்சு வைக்கப்பட்டது. அந்த நஞ்சு ஸ்ரிக்னைன். எமது பக்கத்துக் காஞ்சிரை விதையில் உள்ளதே அது. நிலம் உழப்பட்டதாலும் இருப்பிடம் சுருங்கியது. பண்ணையாளரின் முறைப்பாட்டைப் பொய் என்று தள்ள நாம் விரும்பவில்லை. வரட்சி ஆண்டில் ஒவ்வொரு பிடி புல்லும் கணக்குத்தான். ஆயினும் இவை கடித்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லில் சத்து அதிகம் என்பதும், காட்டெருமைகள் அதைத் தேடி வந்து மேய்கின்றன என்பதும் பின்னர் தெரிந்தன.

1900இல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகம் வழியாக வந்து சேர்ந்த பிளேக் நோய் இன்னொரு இடி. தெள்ளுகளால் பரவும் இந்நோய் ஒரு குடியிருப்பை ஏறக்குறைய முழுதாக அழித்துவிடும். பிறேரி நாயையே உண்டு வாழும் கருங்கால் பெரெற் என்னும் கீரி போன்ற விலங்கும் அதனோடு சேர்ந்து அருகி, 1987இல் வெறும் 18 ஆகிக் கூண்டில் காக்கப்பட்டது.

இன்று கட்டடங்களுக்கோ வேறு தேவைக்கோ நிலம் எடுக்கப்படும்போது, சில இடங்களில் இவற்றைப் பிடித்து வேறிடத்தில் குடியமர்த்துகிறார்கள். முன்கூட்டியே புல்லை வெட்டி, மரப்பெட்டியும் குழாயும் புதைத்து வளை அமைத்துக் கொடுக்கிறார்கள். முதலில் அகப்பட்டவற்றை எல்லாம் கலந்து கொண்டுபோய் விடுவதே வழக்கம். நியூ மெக்சிக்கோவில் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. ஒரே குடும்பமாகக் கொண்டுசெல்லப்பட்டவை, குடும்பம் கலைக்கப்பட்டு விடப்பட்டவற்றைவிட ஐந்து மடங்கு அதிகமாக உயிர் பிழைத்தன. குட்டி ஈனுவதிலும் முந்தி நின்றன. ஆகவே இப்போது, யார் யாருடைய குடும்பம் என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு குடும்பத்தை ஒரே வளையருகே விட முயல்கிறார்கள். புதைத்துக் கொடுத்த குழாய் வளை ஆரம்பத்துக்கு மட்டுமே. காலப்போக்கில் அவை தாமே மண்ணைக் கிளறித் தம் வளையைத் தோண்டிக்கொள்கின்றன.