வீட்டிலிருந்து கல்லூரிக்கு

கல்லூரி மாணவர் என்றவுடன், விடுதியறையும் விளையாட்டுத் திடலும் இரவு நெடுநேரம் எரியும் விளக்கும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பழைய குருகுலத்தின் சாயல் நம் நினைவினின்றும் இன்னும் நீங்கவில்லை போலும். ஆனால் பெருநகரங்களில் உள்ள அரசினர் கல்லூரிகளுக்குச் சென்று பார்ப்போமாயின், அங்குப் பயில்வோரிற் பெரும்பாலோர் வீட்டில் உண்டு, வண்டியேறி வந்து, பாடங்கேட்டு, மீண்டும் வண்டியேறி வீடு திரும்புவோரே என்பதைக் காண்போம். அயல் மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளிலும் மிகப் பலர் இவ்வகையினரே. இவர்களுடைய வாழ்வைப் பற்றி, நம்மவர் மிகுதியாக வாழும் மும்பை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

இந்நிலை இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபொழுது, அவை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்தன. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே தங்கி வாழும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முறையை அவை மேற்கொள்ளவில்லை. கல்லூரி பாடஞ் சொல்லும். பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் அளிக்கும். மாணவர் எங்கே உண்டு எங்கே உறங்குகிறார் என்பது பெரும்பாலும் அவரவர் குடும்பத்தின் பொறுப்பு. ஆதலின், வீட்டிலிருந்து வரும் மாணவர் நம் உயர்கல்வியில் விதிவிலக்கு அல்லர். அவரே விதி எனலாம்.

மும்பையின் நிலவமைப்பு இவ்வழக்கத்தை ஒரு கடுஞ் சோதனையாக்கியது. எல்பின்ஸ்டன் கல்லூரி, 1913-இல் தோன்றிய சிடன்ஹாம் வணிகவியற் கல்லூரி, 1920-இல் திறக்கப்பெற்ற அறிவியல் நிறுவனம் ஆகிய அரசினர் நிலையங்கள் நகரின் தென்கோடியில் அமைந்துள்ளன. மக்களோ இருப்புப் பாதையைப் பின்பற்றி வடக்கு நோக்கிக் குடியேறினர். 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடிய வண்டியே இந்நாட்டின் முதற் பயணி வண்டி. 1925-இல் மின்வண்டியும் வந்தது. மாதுங்கா, தாராவி ஆகிய பகுதிகளில் நெடுங்காலமாக வாழ்ந்த தமிழர், பின்னர் செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, அம்பர்நாத் எனப் பரவினர். வாடகை குறைந்த இடத்தில் வீடு கிடைத்தது. கல்லூரி தொலைவிற் போயிற்று.

டோம்பிவிலியில் குடியிருக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் 48 கிலோமீட்டர். விரைவு வண்டியேறினும் வண்டியிலேயே ஒரு மணி நேரத்திற்கு மேல் செல்லும். வீட்டிலிருந்து நிலையம் செல்வது, வண்டிக்குக் காத்திருப்பது, இறங்கியபின் கல்லூரிக்கு நடப்பது ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி எனக் கொள்ளலாம். போக வர மூன்றரை மணி. ஆண்டில் 180 நாள் கல்லூரிக்குச் சென்றால் 630 மணி நேரம்! இரவும் பகலும் சேர்ந்த 26 முழு நாட்களை நம் பிள்ளை ஆண்டுதோறும் வழியிலேயே செலவிடுகிறார்.

எனினும், அவர் இழப்பனவற்றுள் நேரம் மிகப் பெரியதன்று. கூட்டம் பெருகுமுன் வண்டி பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தால், கடைசிப் பாடம் முடிந்தவுடன் அவர் நிலையத்தை நோக்கி விரைகிறார். வகுப்பு கலைந்தபின் ஆசிரியரை அணுகி ஐயம் கேட்பவர் வேறொருவர். நூலகத்தில் அமர்பவர் வேறொருவர். சொற்போரிலும் நாடகத்திலும் பங்கு கொள்பவரும் வேறொருவரே. மூன்றாண்டு கழித்துப் பட்டம் இருவருக்கும் ஒன்றாகவே கிடைக்கும். ஆனால் ஒருவர் கல்லூரியில் வாழ்ந்தவர். மற்றவர் கல்லூரிக்குச் சென்று வந்தவர்.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்விழப்பு இருமடங்கு. அவர் வீட்டில் பேசுவது தமிழ். வண்டியிலும் கடையிலும் கேட்பது மராத்தியும் இந்தியும். பாடம் நடப்பதோ ஆங்கிலத்தில். தமிழ் வழிப் பள்ளியிலோ மராத்தி வழிப் பள்ளியிலோ பயின்று வந்தவருக்கு ஆங்கிலம் காதில் விழும் இடம் வகுப்பறை; அது தம் நாவில் பழகும் இடமோ வகுப்பு முடிந்தபின் நண்பரோடு உரையாடும் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தை அவர் ஓடிக் கடந்துவிட்டால், மூன்றாண்டு கேட்ட மொழியைப் பேசத் தயங்கியே வெளியேறுவார். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அத்தயக்கம் அவருக்கு எதிராக நிற்கும்.

இதற்குச் செய்யத்தக்கது யாது? வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் கல்லூரியிலேயே தங்குதல் என்பதே நாம் கூறும் விடை. இது மேலும் காலத்தை வீணாக்குவதாகாதோ எனச் சிலர் கேட்கலாம். மும்பை வண்டிகளின் போக்கை அறிந்தோர் அவ்வாறு கருதார். காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியுமே கூட்டம் நெருக்குகிறது. நண்பகலில் வகுப்பு முடியும் மாணவர், ஒரு மணி நேரம் நூலகத்தில் இருந்து புறப்பட்டாலும், அலுவலகங்கள் விடுமுன் வீடு சேரலாம். முனையத்திலேயே ஏறுவதால் அமர்ந்து படிக்கவும் இடம் கிடைக்கும். காலையில் நின்றுகொண்டு வரும்பொழுது புத்தகத்தை விரிக்க இயலாது. முன்னாள் பாடத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்க இயலும்.

இனிப் பெற்றோர் கடமையைக் கூறுவோம். விடுதியில் தங்கியுள்ள பிள்ளை எந்நேரமும் படிப்பதாக நாம் எண்ணுகிறோம். வீட்டில் உள்ள பிள்ளையையோ, "சும்மாதானே இருக்கிறாய், கடைக்குப் போய் வா" என்கிறோம். தம்பிக்குப் பாடம் சொல்வதும், குடிநீர் பிடிப்பதும், மகளாயின் அடுக்களை வேலையும் அவர்மீதே விழுகின்றன. இரவு ஏழு முதல் ஒன்பது வரையேனும் அவர் விடுதியில் இருப்பதாகவே கருதி விட்டுவிடுவோமாயின், பணச் செலவு சிறிதுமின்றி அவருக்கு ஒரு விடுதியை அமைத்துக் கொடுத்தவர்களாவோம்.

சில நடைமுறைச் செய்திகளையும் நினைவிற் கொள்ளல் நலம். கல்லூரி வழங்கும் சான்றைக் காட்டினால் இரயில் நிலையத்தில் மாணவர்க்குச் சலுகை விலையில் பருவச் சீட்டு கிடைக்கும். பட்டப்படிப்பு வரை பயிலும் மாணவியர்க்கு வீட்டிற்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு இலவசமாகவே வழங்கப்படுகிறது. மகளிர்க்கெனத் தனிப் பெட்டிகள் உண்டு; 1992 முதல் மகளிர் தனி வண்டியும் ஓடுகிறது. தொலைவை மட்டும் அஞ்சிப் பெண்ணின் படிப்பை நிறுத்த வேண்டுவதில்லை. வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும் என்பதால், முதல் வகுப்பைத் தவறவிடாத வண்டியைத் தேர்ந்து, அதற்கு முந்திய வண்டியிலேயே புறப்படும் வழக்கம் வேண்டும். படிக்கட்டில் தொங்கிச் சென்று பத்து நிமிடம் ஈட்டுவதைக் காட்டிலும் ஒரு நாள் வகுப்பை இழப்பது மேல் என்பதைப் பிள்ளைகளுக்கு உறுதியாகச் சொல்லி வைப்போம். 2005 சூலை 26 அன்று சாந்தாகுருசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து வண்டிகள் நின்றபொழுது எண்ணற்றோர் வழியிலேயே இரவைக் கழித்தனர். ஆதலின் கல்லூரிக்கு அருகில் வாழும் உறவினர் அல்லது நண்பர் வீடு ஒன்றை மழைக்காலத்திற்கென முன்னரே பேசி வைத்தல் அறிவுடைமை.

வீட்டிலிருந்து பயில்வோர் உயர்வு பெறார் என எவரும் சோர்வடைய வேண்டா. அண்ணல் அம்பேத்கர் பரேலில், தொழிலாளர் வாழும் குடியிருப்பின் ஓரறை வீட்டில் குடும்பத்தாருடன் இருந்தே எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1912-இல் பட்டம் பெற்றார். பிறர் உறங்கிய பின்னரே அவருக்குப் படிக்க அமைதி கிடைத்தது. ஆயினும் அந்த அமைதியைத் தேடித் தருவதில் அவர்தம் தந்தையார் உறுதியாக நின்றார்.

தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். அரசினர் கல்லூரி குறைந்த கட்டணத்தில் பாடத்தை அளிக்கிறது. மின்வண்டி குறைந்த கட்டணத்தில் அங்குக் கொண்டு சேர்க்கிறது. கல்லூரியில் ஒரு மணி நேரமும் வீட்டில் இரண்டு மணி நேரமும் அளிக்க வேண்டியவர்கள் நாமே.