போஸ்ட்ஃபிக்ஸ்

போஸ்ட்ஃபிக்ஸ் என்பது மின்னஞ்சல்களை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கொண்டு சேர்க்கும் அஞ்சல் வழங்கி மென்பொருள் ஆகும். லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி முதலிய யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இது இயங்குகின்றது. எஸ்.எம்.டி.பி. எனப்படும் எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையின்படி இது அஞ்சல்களைப் பெற்று அனுப்புகின்றது. பயனர் தமது அஞ்சல் பெட்டியைத் திறந்து படிக்க உதவுவது இதன் பணியன்று. அதற்கு டவ்காட் போன்ற வேறொரு மென்பொருள் தேவை. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு திறந்த மூல மென்பொருள் ஆகும்.

வரலாறு

1980களின் தொடக்கத்தில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்னும் மென்பொருளே நெடுங்காலம் பெரும்பாலான அஞ்சல் வழங்கிகளில் பயன்பட்டது. அது கணினியின் முழு அதிகாரத்துடன் இயங்கிய ஒரே பெரிய நிரலாக இருந்தமையால், அதிலுள்ள ஒரு பிழை முழுக் கணினியையும் பிறர் கைக்குக் கொடுத்துவிடக் கூடியதாக இருந்தது. 1988 நவம்பர் 2 அன்று பரவத் தொடங்கிய மோரிஸ் புழு, கணினிகளுக்குள் நுழையப் பயன்படுத்திய வழிகளுள் சென்ட்மெயிலின் குறைபாடும் ஒன்றாகும்.

இதற்கு மாற்றாக, நெதர்லாந்தைச் சேர்ந்த வீட்சே வெனெமா ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு நடுவத்தில் போஸ்ட்ஃபிக்ஸை உருவாக்கினார். இது 1998 டிசம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது.

கட்டமைப்பு

போஸ்ட்ஃபிக்ஸ் பல சிறு நிரல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வெளியிலிருந்து அஞ்சலைப் பெறுவது, தலைப்புப் பகுதியைச் சீர்செய்வது, வரிசையை நிர்வகிப்பது, பிற வழங்கிக்கு அனுப்புவது, உள்ளூர்ப் பெட்டியில் இடுவது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி நிரல் செய்கின்றது. இவற்றுள் பெரும்பாலானவை குறைந்த அதிகாரத்துடனேயே இயங்குகின்றன. எனவே ஒரு நிரலில் பிழை இருப்பினும் அதன் பாதிப்பு ஓர் எல்லைக்குள் அடங்கும்.

ஓர் அஞ்சலை வட்டில் எழுதி முடித்த பின்னரே "பெற்றுக்கொண்டேன்" என்னும் பொருள் தரும் 250 என்ற மறுமொழியை போஸ்ட்ஃபிக்ஸ் தருகின்றது. அந்த நொடியில் அஞ்சலுக்கான பொறுப்பு அனுப்பிய வழங்கியிடமிருந்து பெற்ற வழங்கிக்கு மாறிவிடுகின்றது. அதன்பின் அஞ்சலை உரியவரிடம் சேர்க்க வேண்டும்; இயலாவிடில் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். அஞ்சல் வழங்கியை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் உள்ள விதிகளுள் பல இப்பொறுப்பிலிருந்தே பிறக்கின்றன.

அமைத்தல்

அமைப்புகள் பெரும்பாலும் மெயின்.சிஎஃப், மாஸ்டர்.சிஎஃப் ஆகிய இரு உரைக் கோப்புகளில் எழுதப்படுகின்றன. முதற்கோப்பின் முதன்மையான அளவுருக்கள் பின்வருமாறு:

- மைஹோஸ்ட்நேம்: வழங்கியின் முழுப் பெயர்.
- மைடெஸ்டினேஷன்: எந்த ஆள்களங்களுக்கு வரும் அஞ்சலை இவ்வழங்கியே ஏற்று வைத்துக்கொள்ளும் என்பது.
- மைநெட்வொர்க்ஸ்: எந்தக் கணினிகளை நம்பி அவற்றின் அஞ்சலை வெளியுலகுக்கு அனுப்பலாம் என்பது.
- ரிலேஹோஸ்ட்: வெளிச்செல்லும் அஞ்சல் அனைத்தையும் வேறொரு வழங்கி வழியே அனுப்புவதாயின் அதன் பெயர்.

இவற்றுள் மூன்றாவதில் மிகுந்த கவனம் தேவை. இணையத்திலுள்ள எல்லா முகவரிகளையும் அதில் சேர்த்துவிட்டால், யாருடைய அஞ்சலையும் யாருக்கும் அனுப்பும் திறந்த வழங்கியாக அது மாறிவிடும். எரிதம் அனுப்புவோர் அத்தகைய வழங்கிகளை ஓயாது தேடிக்கொண்டிருப்பர். அதன் முகவரி தடைப்பட்டியல்களில் ஏறியபின், ஒரு கல்லூரி தன் மாணவருக்கு அனுப்பும் தேர்வு அறிவிப்பும் எரிதத்துடன் சேர்த்து மறுக்கப்படும். 2015இல் வெளியான 3.0 பதிப்பு முதல், புதிதாக அமைக்கப்படும் வழங்கி தான் இயங்கும் கணினியை மட்டுமே நம்புகின்றது. பிற இடங்களிலுள்ள பயனர்கள் கடவுச்சொல் தந்து 587 அல்லது 465ஆம் துறை வழியே அஞ்சல் அனுப்பலாம். 25ஆம் துறை வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு உரியது.

ஆள்களப் பெயர் முறைமையிலும் சில பதிவுகள் தேவை. எம்.எக்ஸ். பதிவு, அஞ்சல் எங்கு வர வேண்டும் என்பதைக் காட்டும். எஸ்.பி.எஃப். பதிவு, அந்த ஆள்களத்தின் பெயரில் அனுப்ப உரிமையுள்ள வழங்கிகளைக் குறிக்கும். டி.கே.ஐ.எம். என்பது அஞ்சலில் இடப்படும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும். இவ்விரண்டிலும் தேறாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்பதை டிமார்க் பதிவு கூறும். 2024 பெப்ரவரி முதல் கூகுள், யாகூ ஆகியன பெருமளவில் அஞ்சல் அனுப்புவோரிடம் இம்மூன்றையும் கோருகின்றன.

பராமரிப்பு

பெறும் வழங்கி 5இல் தொடங்கும் எண்ணை மறுமொழியாகத் தந்தால் அது நிலையான மறுப்பு. அஞ்சல் உடனே அனுப்பியவருக்குத் திரும்பும். 4இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடையைக் குறிக்கும். அப்போது அஞ்சல் காத்திருப்பு வரிசையில் வைக்கப்பட்டு, இயல்பாக 300 முதல் 4000 நொடி வரையான இடைவெளிகளில் மீண்டும் அனுப்பப்படும். 5 நாட்களுக்குப் பின்னும் இயலாவிடில் திருப்பி அனுப்பப்படும். அதுவரை அனுப்பியவருக்கு எச்சரிக்கை ஏதும் செல்லாது. தாமதத்தைத் தெரிவிக்கும் வசதியை நிர்வாகியே இயக்க வேண்டும். ஆகவே மெயில்கியூ என்னும் கட்டளையால் வரிசையை நாள்தோறும் பார்ப்பது நன்று. வரிசை திடீரென நீண்டால் ஒரு பயனரின் கடவுச்சொல் திருடப்பட்டு எரிதம் அனுப்பப்படுவதாகவோ, பிற வழங்கிகள் இவ்வழங்கியைத் தடுத்திருப்பதாகவோ இருக்கலாம்.

ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. பதிவேட்டில் அவ்வெண்ணைத் தேடினால் அஞ்சல் எப்போது வந்தது, யாருக்குச் சென்றது, ஏன் நின்றது என்பனவற்றை அறியலாம். வட்டில் போதிய இடம் உள்ளதா, மறையாக்கச் சான்றிதழ் காலாவதியாகாமல் உள்ளதா என்பனவும் கவனிக்கப்பட வேண்டும். போஸ்ட்மாஸ்டர் என்னும் முகவரிக்கு வரும் அஞ்சலை ஏற்க வேண்டும் என்பது நெறிமுறையின் விதியாகும். வழங்கியின் குறையைப் பிறர் தெரிவிக்கும் வழி அது என்பதால், அம்முகவரி நிர்வாகி ஒருவர் உண்மையில் படிக்கும் பெட்டிக்குச் செல்லுமாறு அமைக்கப்பட வேண்டும்.