கயிலைக் கதவு திறக்கும் ஊர்

எட்டயபுரத்தில் எனக்கு மார்கழி விடிந்ததெல்லாம் அத்தையின் குரலில்தான். நாலரை மணிக்குக் கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவில் நின்று கூப்பிடுவாள். தறிச்சத்தம் தொடங்காத நேரம். கரிசல்காட்டுப் பனி முழங்கால் வரைக்கும் ஏறும். ஆறேழு பிள்ளைகள் அவள் பின்னால் தெருக்கோயிலுக்குப் போவோம். திருவெம்பாவை இருபது பாட்டும் எனக்கு அப்படித்தான் மனப்பாடமானது. அர்த்தம் கேட்டால், "பாடிக்கிட்டே இரு தாயி, தானா வரும்" என்பாள்.

மகளும் மாப்பிள்ளையும் பாங்காக்கில் இருக்கிறார்கள். ஒரு ஜனவரியில் அங்கே போயிருந்தபோது மகள் சொன்னாள்: "அம்மா, இங்க திருவெம்பாவை பாடுறாங்களாம். போவமா?"

சீலோம் சாலை மாரியம்மன் கோயிலைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைக்கப் போன நம் தமிழர் கட்டிய கோயில் அது.

"அது இல்லம்மா. இது ராஜா கோயில். பாடுறவங்க தாய்லாந்துக்காரங்க."

பழைய நகரத்தில், மாநகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே, சுமார் எழுபதடி உயரத்தில் இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. பெரிய ஊஞ்சல் என்று பெயர். பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா மன்னர் 1784-இல் நிறுவியது. அதே ஆண்டில் அவர் கட்டியதுதான் பக்கத்திலிருக்கும் தேவஸ்தான். அந்தப் பெயரை வாசித்ததுமே எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. உள்ளே சிவனுக்கும் பிள்ளையாருக்கும் பெருமாளுக்கும் தனித்தனிக் கட்டடம். கோபுரம் கிடையாது, வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையும்தான்.

அந்த நாடு பௌத்த நாடு, அரசரும் பௌத்தர். ஆனாலும் அரண்மனைச் சடங்குகளைச் செய்ய அந்தணர் பரம்பரை ஒன்று இருக்கிறது. வெள்ளை உடை, உச்சிக் குடுமி. 2019-இல் இப்போதைய மன்னர் முடிசூடியபோதும் இவர்கள்தான் முன்னின்றார்கள். ஆண்டுதோறும் இவர்கள் நடத்தும் பெரிய திருவிழாவின் பெயர் 'த்ரீயம்பவாய் த்ரீபவாய்'. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதலாவது திருவெம்பாவை, இரண்டாவது திருப்பாவை.

அவர்கள் நம்பிக்கைப்படி, ஆண்டுக்கு ஒருமுறை சிவன் பூமிக்கு இறங்கி வந்து பத்து நாள் தங்குகிறார். அவர் போனதும் நாராயணர் வந்து ஐந்து நாள் இருக்கிறார். இந்தப் பத்து என்ற கணக்கில்தான் என் மனம் நின்றது. நம் சிவன் கோயில்களில் ஆருத்திரா தரிசனத்தோடு முடிகிற திருவெம்பாவை விழாவும் பத்து நாள்தான். பாட்டு மட்டும் கடல் கடந்து போகவில்லை, விழாவின் நாட்கணக்கும் கூடவே போயிருக்கிறது.

நாங்கள் போன இரவு, குரு எழுந்து நின்று முதலில் ஓதியதற்கு 'கயிலைக் கதவு திறப்பு' என்று பெயராம். ஓதி நிறுத்திய இடத்தில் சங்கு ஊதினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுக்காகக் காத்திருந்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வல்லினம் மெல்லினம் எல்லாம் அந்த நாட்டு நாக்கில் கரைந்து வேறொன்றாகிவிட்டன. பாடுகிறவர்களுக்கும் பொருள் தெரியாது. கிரந்தத்திலும் அவர்கள் எழுத்திலுமாக ஏட்டில் எழுதி வைத்து, அப்பனிடமிருந்து மகன் ஓசையாகவே கற்றுக்கொண்டது. லண்டன் தமிழறிஞர் ஜான் மார் போன்றவர்கள் அந்த ஏடுகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான், உள்ளே இருப்பது நம் பாட்டு என்று காட்டினார்கள்.

சொல் பிடிபடாத எனக்குத் தாம்பாளம் பிடிபட்டது. பொரி, அவல், கரும்பு, வாழைப்பழம், தேங்காய். பூசை முடிந்ததும் வந்திருந்தவர்களுக்கெல்லாம் பங்கிட்டுத் தந்தார்கள். பக்கத்திலிருந்த தாய்லாந்துப் பாட்டி பொரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானை போலிருந்த மேல்துணியில் முடிந்துகொண்டாள். என் அத்தையும் அப்படித்தான் முடிவாள்.

வெளியே நிற்கும் பெரிய ஊஞ்சலுக்கும் முன்பு இதே விழாவில்தான் வேலை இருந்தது. பிரபு ஒருவர் சிவனாக வேடம் பூண்டு ஊர்வலமாக வருவார். மூன்று குழு, குழுவுக்கு நான்கு பேர், நாகத்தலைப் பாகையோடு ஊஞ்சலில் ஏறி ஆடுவார்கள். எதிரே ஒரு மூங்கில் கழியில் பணமுடிப்பு தொங்கும். உந்தி உந்தி உச்சிக்குப் போய் அதைப் பல்லால் கவ்வ வேண்டும். படைத்த பூமி உறுதியாக நிற்கிறதா என்று சிவன் சோதித்துப் பார்த்த கதையாம்: தூண்கள் மலைகள், ஆடுகிறவர்கள் நாகங்கள். ஆட்டம் முடிகிறவரை அந்தப் பிரபு ஒரு காலைத் தூக்கி மறு முழங்காலில் வைத்தபடியே இருக்க வேண்டும், கீழே ஊன்றக் கூடாது. ஆய்ந்தவர்கள் என்ன விளக்கம் சொன்னாலும் சரி, நம் நடராசரின் தூக்கிய திருவடியைத் தவிர எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. 1930களில் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தூண்களை மட்டும் 2007-இல் புதுத்தேக்கில் மாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள்.

ஆனால் ஊஞ்சல் முழுக்க நின்றுவிடவில்லை. விழாவின் ஓர் இரவில், கோயிலுக்குள்ளே பொன்னிற அன்னம் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதில் சாமியை எழுந்தருளச் செய்து, மெல்ல ஆட்டிப் பாடுகிறார்கள். வந்த கடவுளை வழியனுப்பும் சடங்கு அது. தாலாட்டுக்கு மொழி வேண்டியதில்லை. திருப்பொன்னூசல் எழுதிய மாணிக்கவாசகரின் பாட்டை வைத்திருப்பவர்கள் ஊஞ்சலையும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்தப் பாட்டு எப்படி அங்கே போனது? தங்கள் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்ததாக அந்த அந்தணர் மரபில் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கும் முந்தைய கல்லும் இருக்கிறது. தெற்குத் தாய்லாந்தில் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றிப் பேசுகிறது. மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் காவலில் இருந்த குளம் அது. கடலுக்கு அப்பால் குளம் வெட்டியவர்கள் என்றால், வந்துபோனவர்கள் இல்லை, தங்கிக் குடித்தனம் செய்தவர்கள். சயாம் என்ற பழைய பெயரைக் கேட்டாலே, இரண்டாம் உலகப்போரில் போட்ட மரண ரயில் பாதையும் அதில் மடிந்த நம் தோட்டத் தொழிலாளரும்தான் நம் வீடுகளில் நினைவு. அதற்கு ஆயிரம் ஆண்டு முன்னால் இப்படியும் ஓர் உறவு இருந்திருக்கிறது.

பாங்காக்கில் ஒலிக்கும் இந்தப் பாட்டை நம்மவர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, எங்கள் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாக இருந்து, 1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தொடங்கியவர். ஒரு கத்தோலிக்கத் துறவி பாங்காக்கில் திருவெம்பாவை ஒலிப்பதை மகிழ்ந்து எழுதினார் என்பது எனக்குப் பெருமை.

ஊர் திரும்பிய பிறகு வந்த மார்கழியில் எங்கள் தெருக்கோயிலுக்குப் போனேன். அத்தை போய்ப் பல வருடமாகிறது. ஒலிபெருக்கியில் திருவெம்பாவை ஓடிக்கொண்டிருந்தது. நல்ல குரல், பிழையில்லாத தமிழ். கோயிலில் பூசாரியும் நானும் மட்டும்தான். பொருள் தெரியாத ஒரு கூட்டம் வாயால் காத்த பாட்டை, பொருள் தெரிந்த நாம் கருவியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் தூங்குகிறோமே என்று நெஞ்சு வலித்தது.

"அரைமணி நேரம் இதை நிறுத்தி வைங்க, நான் பாடுறேன்" என்று பூசாரியிடம் கேட்டேன். சரி என்றார். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பிள்ளை வந்து நின்றாள். அவள் மறுநாள் தன் சிநேகிதியைக் கூட்டி வந்தாள். ஆருத்திராவுக்குள் இருவருக்கும் எட்டுப் பாட்டு வந்துவிட்டது. "இதுக்கு என்ன அர்த்தம் ஆச்சி?" என்று சின்னவள் கேட்டாள். பொங்கல் ஆறும்வரை திண்ணையில் உட்கார்ந்து, முதல் பாட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.