புற்றுநோய்ச் செவிலியர்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில், வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே நின்று, மருந்தைப் பிழையாமல் அளித்துக் காப்பவனே உழைச்செல்வான். இன்று அப்பணியை ஆற்றுவோர் செவிலியர் எனப்படுகின்றனர். சங்க நூல்களில் ‘செவிலி’ என்பது தலைவியை வளர்க்கும் தாயைக் குறிக்கும். தாயின் அன்பும் மருந்தறியும் அறிவும் ஒருங்கே அமைய வேண்டிய பணிக்கு இப்பெயர் மிகவும் பொருந்துவதாகும்.

சென்னைக்குத் தெற்கே, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, ஏரியுடன் விளங்கும் ஊர் சிட்லபாக்கம். அதனை அடுத்துள்ள ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். நோயாளிகள் நெடுநாள் தங்கி உடல்நலம் பெறும் இல்லத்தையே சானடோரியம் என்பர். 1928இல் டாக்டர் சௌரிமுத்து என்பார் காசநோயாளிகளுக்காக இப்பகுதியில் ஓர் இல்லம் அமைத்தார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் காசநோய்க் கிருமியை அழிக்கவல்ல மருந்து இல்லை. ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து 1943இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே தூய காற்று, ஓய்வு, நல்லுணவு, இடையறாத கவனிப்பு ஆகியவற்றையே நோயாளிகள் பெரிதும் நம்பியிருந்தனர். மருந்தில்லாத அக்காலத்தில் செவிலியரின் பணிவிடையே பாதி மருந்தாக விளங்கியது.

வலிய மருந்துகள் வந்தபின் செவிலியரின் தேவை குறைந்துவிட்டதா? இல்லை, முன்னினும் பன்மடங்கு பெருகியது. இதற்குப் புற்றுநோய் மருத்துவமே தக்க சான்றாகும்.

சென்னையின் தென்பகுதியிலுள்ள அடையாற்றில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை தோன்றியது 1954இல் ஆகும். அதனை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர்தம் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அத்துயரம் முத்துலட்சுமியின் உள்ளத்தில் நீங்காது நின்று, முப்பதாண்டுகளுக்குப் பின் மருத்துவமனையாக வடிவெடுத்தது. சிறிய அளவில் தொடங்கிய அந்நிலையம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் உழைப்பால் பெரிதாக வளர்ந்தது. 1955இல் அங்குப் பணியேற்ற சாந்தா, 2021இல் மறையும் வரையில் அந்நிலையத்துக்கே தம் வாழ்வை அளித்தார். இத்தகைய மருத்துவமனைகளில் மருத்துவர் வகுக்கும் சிகிச்சையை இரவும் பகலும் நடத்திச் செல்வோர் செவிலியரே.

உடலின் அணுக்கள் ஒரு வரம்புக்கு உட்பட்டுப் பெருகுவது இயல்பு. அவ்வரம்பை மீறி, அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். அதனை அறுவையாலும், கதிர்வீச்சாலும், மருந்தாலும் தீர்க்க முயல்வர். கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையில் பயன்படும் மருந்துகள் பல, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவன. அவை புற்றணுவை மட்டும் பிரித்தறியமாட்டா. விரைந்து வளரும் மயிர்க்கால், வாயின் உட்பூச்சு, குருதி பிறக்கும் எலும்பு மச்சை ஆகியவற்றையும் தாக்கும். பகைவனை அழிக்கச் சென்ற படை வழியிலுள்ள வயலையும் மிதித்துச் செல்வதை ஒத்தது இது. அப்படையை நெறிப்படுத்தி நடத்துவது செவிலியரின் கடமையாகும்.

நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு அவர் உடற்பரப்பைக் கணக்கிட்டு, அதற்கேற்பப் பல மருந்துகளின் அளவை வகுப்பர். நோயாளியின் பெயர், மருந்து, அளவு, செலுத்தும் வழி ஆகியவற்றைச் செவிலியர் இருவர் தனித்தனியே சரிபார்ப்பது நன்முறை. மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் தசை வெந்து புண்ணாகிவிடக்கூடும். ஆகவே ஊசி செருகிய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தோன்றியவுடன் செவிலியர் மருந்தை நிறுத்துவார். எஞ்சிய மருந்தை உறிஞ்சி எடுத்த பின்னரே ஊசியை நீக்குவார். செந்நிறமுடைய டாக்சோரூபிசின் கசிந்தால் குளிர் ஒற்றடம் தருதல் வேண்டும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின் கசிந்தால் வெப்ப ஒற்றடம் தருதல் வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாத அன்பு மட்டும் நோயாளியைக் காவாது.

மருந்து ஏற்றி முடிந்தவுடன் இடர் நீங்கிவிடுவதில்லை. ஏறத்தாழ ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரையில், உடலைக் காக்கும் வெண்குருதி அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது நோயாளி தம் வீட்டில் இருப்பார். பத்தாம் நாள் இரவு அவருக்குக் காய்ச்சல் காண்கிறது என்று கொள்வோம். வீட்டார், “சாதாரணக் காய்ச்சல்தானே; கஷாயம் கொடுப்போம்; விடிந்தபின் பார்த்துக்கொள்வோம்” என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் உயிருக்கே உலையாகிவிடலாம். கிருமியை எதிர்க்கும் அணுக்கள் குறைந்திருப்பதால் சீழோ வீக்கமோ தோன்றாது. காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை மணி. உடல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கிருமியைக் கொல்லும் மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குதல் நன்று. இதனை வீட்டாருக்கு முன்னரே எடுத்துரைத்து, வெப்பமானியைப் படிக்கவும் கற்றுக்கொடுத்து அனுப்பும் செவிலியர், தாம் அங்கில்லாத இரவிலும் ஓர் உயிரைக் காக்கின்றார்.

வாய்ப்புண்ணால் உணவு விழுங்க இயலாதவருக்கு உப்பும் சோடாவும் கலந்த நீரால் வாய் கொப்பளிக்கச் சொல்வதும், வலியால் துடிப்பவருக்கு மார்பின் மருந்தை மருத்துவர் வகுத்தவாறு வேளை தவறாது அளிப்பதும் செவிலியர் பணியே. இவற்றினும் அரியது ஒன்று உண்டு. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லவேண்டாம் என வீட்டார் வேண்டுவர், நோயாளியோ செவிலியரைத் தனியே அழைத்து, “எனக்கு என்ன நோய்?” என்று வினவுவார். அந்நிலையில் பொய்யுரைத்தலும் தகாது. சுடுசொல்லாக உண்மையை வீசுதலும் தகாது. நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதைப் பொறுமையுடன் உணர்ந்து, மருத்துவரையும் வீட்டாரையும் கூட்டி, உண்மையை இன்சொல்லால் உணர்த்தச் செய்பவரே சிறந்த செவிலியர்.

இவ்வளவு பொறுப்புக்கு உயர்ந்த கல்வி வேண்டாவா? நம் நாட்டில் 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர்க்குப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. பின்னர் இந்திய நர்சிங் கவுன்சில் புற்றுநோய்ப் பணிக்கென ஓராண்டுச் சிறப்புப் பயிற்சியை வகுத்தது. அமெரிக்காவில் 1965இல் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும், ஹென்றி சில்வர் என்னும் மருத்துவரும் மேனிலைச் செவிலியர்க்கான பயிற்சியைக் கொலராடோவில் தொடங்கினர். இன்று அங்கே அத்தகைய செவிலியர், புற்றுநோயாளரைத் தாமே சோதித்து, மருந்து எழுதித் தரும் உரிமையும் பெற்றுள்ளனர். நம் நாட்டிலும் தீவிர சிகிச்சைத் துறைக்கென ஈராண்டு முதுநிலைப் பயிற்சி வகுக்கப்பெற்றது. புற்றுநோய்த் துறையிலும் இவ்வழி விரிதல் நலம் பயக்கும்.

நான்கு கால்களுள் ஒன்று குட்டையானால் கட்டில் நிலைபெறாது. அதுபோலவே, நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றும் சிறந்திருந்தும் நான்காவது குன்றினால் மருத்துவம் நிலைபெறாது. மருந்து வலிமை பெறுந்தோறும் அதனை அளிப்பவரின் அறிவும் வலிமை பெறுதல் வேண்டும். செவிலியர் பணியை ஏவல் தொழில் என எண்ணுவோர் இன்றும் உளர். நள்ளிரவில் ஒரு காய்ச்சலின் பொருளை உணர்ந்து உயிர் காக்கும் அறிவைக் கண்டவர் அவ்வாறு எண்ணார். அன்பும் கல்வியும் கைகோத்து நிற்கும் அப்பணியை மதித்தலும், விருப்பமுடையோர் அதனைக் கற்றலும் கடமையாகும்.