கடை கட்டுமுன் யாரை அழைக்க வேண்டும்?



ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளில் பழைய ஓட்டுக் கடையை இடித்துவிட்டு மாடிக் கட்டிடமும் கிட்டங்கியும் எழுப்ப நினைக்கும் அன்பர்கள் பலர். இடத்தின் விலை, கம்பி விலை, சிமெண்டு விலை எல்லாவற்றிலும் நாம் கருத்தாக இருக்கிறோம். ஆனால் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் மட்டும் சுவர் எழும்பிய பிறகே கூப்பிடுகிறோம். பிளான் முடிவாகுமுன் அவர்களை அழைத்துப் பேசிவிட்டால் பணமும் மிஞ்சும், சரக்கும் உயிரும் பத்திரமாக இருக்கும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று லைனுக்கு லாரி ஏற்றும்போது, கடைசியில் இறக்க வேண்டிய மூட்டையைத்தானே முதலில் ஏற்றுகிறோம்? நம் கோயில்களில் கருவறையின் அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியைப் பாருங்கள். கல் அடுக்கும்போதே அதற்கு இடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிற்பாடு துளை போட்டதல்ல.

முதலில் தண்ணீர்த் தொட்டி. 1,000 லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. மாடியில் 5,000 லிட்டர் தொட்டி வைப்பது, 100 கிலோ மூட்டை ஐம்பதை ஒரே இடத்தில் அடுக்குவதற்குச் சமம். தொட்டி எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் இன்ஜினீயர் அதற்கேற்ற பீமும் தூணும் கணக்கிட முடியும்.

அடுத்தது குழாய். கான்கிரீட் போடுமுன் குழாய் வரும் இடத்தில் ஒரு துண்டுக் குழாயை நிறுத்தி வழி விட்டுவிட்டால் செலவு சொற்பம். தளம் இறுகிய பின் பீமை உடைத்தால் உள்ளிருக்கும் கம்பி அறுபடும், பலம் குறையும். மேல்மாடிக் கழிப்பறை, கீழே சீனியும் பருப்பும் அடுக்கும் இடத்துக்கு நேர் மேலே வந்துவிடக் கூடாது. சிறு கசிவே பல மூட்டைகளைக் கெடுத்துவிடும். இதைப் பிளானிலேயே பார்த்துச் சொல்லக்கூடியவர் பிளம்பர்தான்.

மின்சாரத்தில் குளிர்பெட்டி, மாவு மிஷின், ஏ.சி., லிஃப்ட் என்று எத்தனை வரும் என்பதைச் சொன்னால்தான், த்ரீ பேஸ் இணைப்பும் ஒயரின் கனமும் முடிவாகும். தளத்துக்குள் போகும் ஒயர்க் குழாய்களைக் கம்பி கட்டும்போதே பதிக்க வேண்டும். லிஃப்ட்டுக்குத் தரைமட்டத்துக்குக் கீழே குழி தேவை. அஸ்திவாரம் முடிந்தபின் தோண்டுவது ஆபத்து. பால்கோவா அடுப்பு வைக்கும் அன்பர்கள், புகைப்போக்கி பீமுக்குக் குறுக்கே வராதபடி அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். மெயின் சுவிட்ச், மூட்டைகளுக்குப் பின்னால் மறையாமல், வாசலருகே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தீ விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டிடம் தீப்பிடித்தது. புகை வெளியேற வழி போதாமல் தீயணைப்பு வீரர்கள் உள்ளே புக முடியவில்லை. சுவரை உடைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதாயிற்று. மறுநாள் கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பின்னர் முழுவதும் இடிக்கப்பட்டது. காற்றுக்கும் புகைக்கும் வழி, ஆள் வெளியேற இரண்டாவது வாசல் இவையெல்லாம் பிளான் தாளில் இடம்பெற வேண்டியவை.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் தண்ணீர் இறங்கும். அதற்கான குழாய் எந்தப் பக்கம் இறங்குவது, எங்கே சேர்வது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யலாம்.

இங்கிலாந்தில் 1998-ல் சர் ஜான் ஈகன் தலைமையிலான குழு தந்த அறிக்கையும், கட்டிடத்தைத் திட்டமிடுவோரும் கட்டுவோரும் தனித்தனியே நிற்பதைக் குறையாகச் சொன்னது. சிறு கடைக்கும் இது பொருந்தும்.

"முன்னமே அழைத்தால் ரேட்டை ஏற்றிவிடுவாரே" என்று சில அன்பர்கள் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. பிளானில் எத்தனை லைட் பாயிண்ட், எத்தனை அடி குழாய் என்று எண்ணிப் பட்டியல் போட்டுவிட்டால், அதே பட்டியலுக்கு இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்கலாம். பட்டியல் இல்லாத வேலையில்தான் பில் ஏறும்.

எனவே முதல் பிளான் கைக்கு வந்ததும் இன்ஜினீயர், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் நால்வரையும் ஒரு நாள் உட்கார வையுங்கள். வந்தவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். பேசியதை ஒரே தாளில் குறித்து நால்வருக்கும் பிரதி தாருங்கள். தளம் போடும் நாளுக்கு முதல் நாள், எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் வந்து பார்த்துச் சரி என்ற பிறகே கான்கிரீட் கலக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது ஒயரும் குழாயும் தப்பும்.

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் பெரியவர்கள். கடையைக் கட்டுகிறவர் ஒரு நாள் கலந்து பேசிவிட்டுக் கட்டட்டும்.